செயற்கைக்கோளில் விழுந்த முடி

கடலை ஒட்டிய அலையாத்திக் காடு ஒன்றில் மாசிலாமணி என்ற கரடி இருந்தார். படித்த கரடி. போன வருஷம் அந்தக் காட்டுக்கு ஒரு புயல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நீர்நாய்களின் வளைகளையும் நண்டுகளின் வீடுகளையும் வாரிக்கொண்டு போனது. மாசிலாமணியின் மச்சான் அன்றைக்கு ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைத்தவர். இன்றும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எழுந்துபோய் எதையாவது கட்டிப்பிடித்துக்கொள்வார்.

அதனால் எல்லோரும் கூடிப் பேசி, கடலையும் காற்றையும் மேலேயிருந்து பார்த்துச் சொல்ல ஒரு செயற்கைக்கோள் செய்வதென்று தீர்மானித்தார்கள். பொறுப்பு மாசிலாமணிக்கு. சொந்த ராக்கெட் கிடையாது. மலைக்காட்டுக் கழுகுகள் ஐப்பசியில் விடப்போகும் ராக்கெட்டில் ஓரமாக இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். புயல் அதுவரை பொறுத்திருக்குமா?

செயற்கைக்கோளின் உயிரே அதன் கண்ணாடியில் இருந்தது. அலையின் நிறம், மேகத்தின் சூடு, காற்றின் ஈரம் எல்லாம் அந்தக் கண்ணாடியில் பட்டுத்தான் கேமராவுக்குப் போகும். அதில் ஒரு தூசி விழுந்தாலும் கடல் நடுவே புதுசாகத் தீவு முளைத்த மாதிரி தெரியும். ஆகவே மாசிலாமணி தூசி நுழையாத ஓர் அறை கட்டி, உடம்பில் முடியே இல்லாத பல்லிகளை வேலைக்கு எடுத்தார். சுவரோ கூரையோ, எங்கே வேண்டுமானாலும் நின்று திருகாணி முடுக்குவார்கள். ஒரே சங்கடம், எதற்கெடுத்தாலும் "ச்சு ச்சு" என்பார்கள். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அவர்களுக்கே தெரியாது.

எல்லாம் சரி, தலைவர் கரடி ஆயிற்றே! உட்கார்ந்து எழுந்தால் ஒரு கைப்பிடி முடி உதிரும். கொஞ்ச நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்திக் கத்தி வேலை வாங்கிப் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு நாள் நேரே முள்ளம்பன்றியின் சலூனுக்குப் போய் உட்கார்ந்து, "மொத்தமா எடுத்துடுப்பா" என்றார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி பூவாயி கதவைப் பாதி திறந்து, "அவர் வீட்ல இல்லீங்களே" என்றாள்.

"நான்தாண்டி."

அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு, "குளிருமேங்க" என்று மட்டும் சொல்லி ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அறை வாசலில் ஒரு பலகை மாட்டினார்: "முடியோடு உள்ளே வரக் கூடாது."

வேலை மளமளவென்று நடந்தது. கண்ணாடியைப் பொருத்தி மூடி போடவிருந்த அன்றைக்கு, மகாராஜா சிங்கம் போட்டோ எடுத்துக்கொள்ள வந்தார். கூடவே செயலாளர் நரியாரும் பெரிய கூட்டமும்.

நரியார் பலகையைப் படித்தார். இன்னொரு தரமும் படித்தார். "மகாராஜா, முடியோட வரக் கூடாதாம். அதாவது, பட்டம் கட்டினவங்க யாரும் உள்ளே வரக் கூடாதாம்."

சிங்கம் மாசிலாமணியை மேலும் கீழும் பார்த்தார். "நான் யாருன்னு தெரியுமில்ல?"

"ஐயையோ மகாராஜா, நான் சொன்னது பிடரி மயிரை! ஒரு உறை தர்றேன், தலையில மாட்டிக்கிட்டு வாங்க. ஒரே ஒரு முடி விழுந்தாக்கூட எங்க உழைப்பெல்லாம் வீணாப் போயிடும். என்னையே பாருங்களேன்."

"பார்த்தேன். அதனாலதான் மாட்டிக்க மாட்டேங்கிறேன். பிடரியை மூடிட்டு போட்டோ எடுத்தா, பார்க்கிறவன் கழுதைன்னு நினைப்பான்."

சொல்லிவிட்டு சிங்கம் உள்ளே நுழைந்தார். கேமராவைத் தேடி வந்தவர் கண்ணாடியைக் கண்டதும் நின்றுவிட்டார். இவ்வளவு பளபளப்பாகத் தன் முகத்தை அவர் எந்தக் குளத்திலும் பார்த்ததில்லை. குனிந்து, பிடரியை இந்தப் பக்கம் சிலிர்த்தார். அந்தப் பக்கம் சிலிர்த்தார். ஒரு பொன்னிற முடி ஆடி அசைந்து இறங்கி, கண்ணாடியின் நட்டநடுவில் படுத்துக்கொண்டது.

"ச்சு ச்சு" என்றார்கள் பல்லிகள் எல்லோரும்.

மாசிலாமணி தன்னை மறந்து அலறினார்: "போச்சு! மகாராஜாவோட முடி விழுந்துடுச்சு!"

வாசலில் நின்ற கூட்டம் இதைக் கேட்டது. "ராஜாவோட முடி விழுந்துடுச்சாம்!" என்றது ஒரு முயல். "ஆட்சி கவிழ்ந்துடுச்சாம்!" என்றது அடுத்த முயல். செய்தி கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பல வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த சிறுத்தையார் சிம்மாசனப் பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதல் மாலை போட்டவர் நரியார்.

அறைக்குள் சிங்கம் காதை நிமிர்த்தினார். "அது என்ன மேளம்?"

"யாருக்கோ பட்டம் கட்டுறாங்க போலிருக்கு" என்றார் கூரையிலிருந்த ஒரு பல்லி.

சிங்கம் போட்டோவையும் மறந்து ஓடினார். பாறையின் ஒரு முனையில் சிறுத்தை, மறு முனையில் சிங்கம். இறங்கினவர் தோற்றவர் என்பதால் இரண்டு பேரும் இறங்கவில்லை. சாப்பாடுகூட மேலேதான் போனது.

மாசிலாமணியின் அறைப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பார்வையிட யாரும் வரவில்லை, விளக்கம் கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் அந்த முடியை எடுத்தார். கண்ணாடியை மறுபடி துடைத்தார். அவர் வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியாக வேலை பார்த்ததில்லை. கழுகுகளே ஆச்சரியப்படும்படி செயற்கைக்கோள் குறித்த நாளுக்கு முன்னதாகவே அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ராக்கெட்டும் நல்லபடியாகக் கிளம்பியது.

மேலேயிருந்து வந்த முதல் படத்தை மாசிலாமணி விரித்துப் பார்த்தார். கடலுக்கு மேலே வெள்ளையாக ஒரு புயல் சுழி. அது காட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பாறைக்கு ஓடினார்.

"மகாராஜா!"

"சொல்லு" என்றார்கள் இருவரும்.

"என்னைத்தான் கூப்பிட்டான்" என்றார் சிங்கம்.

"உன்னை யார் கூப்பிடுவா?" என்றார் சிறுத்தை.

"முதல்ல யாரைப் பார்த்துக் கும்பிட்டீர், அதைத் தெளிவாச் சொல்லும்" என்றார் கீழே நின்ற நரியார்.

மாசிலாமணி திரும்பிக் கரையோரம் வளை வளையாகப் போய்க் கூப்பிட்டார். நீர்நாய்களும் நண்டுகளும் குஞ்சு குளுவானோடு மேட்டுக்கு ஏறினார்கள். நரியார் எல்லோருக்கும் முன்னால் ஏறியிருந்தார். புயல் வந்து பார்த்தது. வீட்டில் யாரும் இல்லை. பாறையில் மட்டும் இருவர், ஒருவர் வாலை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

மழை விட்டதும் சொட்டச் சொட்ட நனைந்து நின்ற இருவரும் கேட்டார்கள்: "எங்ககிட்ட ஏன்யா சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். எந்த மகாராஜாகிட்டன்னு தெரியலை."

அது நியாயமான கேள்விதான் என்று இருவருக்கும் பட்டது. யார் மகாராஜா என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். அந்த விசாரணை இன்னும் நடக்கிறது. அது முடிவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று மாசிலாமணி அவசர அவசரமாக அடுத்த செயற்கைக்கோளைத் தொடங்கிவிட்டார்.

நீதி: வேலை குறித்த நாளில் முடிய வேண்டுமானால், நடுவில் ஓர் ஆட்சி கவிழ்வது நல்லது.