ஆயிரத்து நாற்பது கிலோமீட்டரும் அழுத்தாத பொத்தானும்

வித்பான் கிளைடர் திடல்,
ஆஸ்காம் வழி, வட கேப்.
டிசம்பர் 12, வியாழன்.

மதிப்பிற்குரிய மைத்துனர் லோரன்ஸ் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை புருஷன் ஹென்னிங் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தங்கை அலெட்டாவும் எங்கள் நாயும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் வலது முழங்காலும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறோம். இங்கே மழை பெய்து ஐந்து மாதமாகிறது. ஆடுகள் கல்லை நக்குகின்றன. ஆனாலும் குறை சொல்வதற்கில்லை, மழை பெய்தால் அலெட்டாவால் பறக்க முடியாது.

நிற்க. போன கிறிஸ்துமஸுக்குத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். அலெட்டா உப்புப் படுகையில் கிளைடரை இறக்கித் தோள் எலும்பை முறித்துக்கொண்டு, கையைத் தூளிக்கட்டில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். தாங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள்: "ஆயிரம் கிலோமீட்டர், ஆயிரம் கிலோமீட்டர்னு பதினோரு வருஷமா உயிரை விடுறியே. அதை ஒரு தடவை முறையா முடி. முடிச்ச அன்னைக்கே கிளைடரை வித்துட்டு ரெண்டு பேரும் ஹெர்மானஸ் வந்து எங்க பக்கத்துல இருங்க. சரியா?" அவளும் அப்பாவின் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, "சரிண்ணா. முறையாப் பதிவான ஆயிரம் ஒண்ணு. அதோட நிறுத்திடுறேன்" என்றாள். தாங்களும் சும்மா இருக்காமல் தங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டையே பார்த்து வைத்துவிட்டீர்கள், திமிங்கலம் தெரிகிற ஜன்னலோடு.

அந்த ஆயிரம் போன திங்கட்கிழமை வந்தது மச்சான். வந்தது, ஆனால் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதற்றப்படாதீர்கள், யாருக்கும் எலும்பு முறியவில்லை.

தங்களுக்கு இதெல்லாம் தலைவலி என்று தெரியும், இருந்தாலும் சொன்னால்தான் என் குற்றத்தின் கனம் புரியும். இந்தக் கிளைடருக்கு என்ஜின் கிடையாது. சூடேறின மணலிலிருந்து எழும்புகிற காற்றில் வட்டமடித்து ஏற வேண்டும், முன்னால் சறுக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும், இப்படியே நாள் முழுக்க. ஆனால் எந்த ஊர் வழியாகப் போய் எங்கே திரும்பப் போகிறோம் என்பதைக் கிளம்புமுன்பே உள்ளே இருக்கிற பதிவுப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். சொல்லிவிட்டுப் போனால்தான் கணக்கு. சொல்லாமல் நிலாவுக்கே போய் வந்தாலும் அது ஊர் சுற்றினதுதான். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியில் பாதையைப் போடுவது என் வேலை. முப்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன் என்பதால் அலெட்டா என்னை நம்பி அதைக் கொடுத்தாள்.

திங்கள் காலை வானத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நாள் என்று. நான் இறக்கைகளுக்குள் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பினேன். வலது இறக்கையின் மூடியைத் திருகவில்லை போலிருக்கிறது, பாதித் தண்ணீரை நாய் குடித்தது, மீதியில் நான் வழுக்கி விழுந்தேன். எழுந்து மறுபடி நிரப்பிவிட்டுப் பெட்டிக்கு வந்தேன். முந்தின நாள் பயிற்சிக்குப் போட்ட 'கென்ஹார்ட் போய்த் திரும்புதல்', ஐந்நூறு கிலோமீட்டர், அப்படியே இருந்தது. அதன் மேல் புதுப் பாதையைப் போட்டேன்: வித்பான், பிராண்ட்வ்லே, குருமான், வித்பான். ஆயிரத்து நாற்பது. ஒவ்வொரு எழுத்தாக, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டேன். கடைசியாக 'உறுதி' என்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்துத் திடல்காரரின் வளர்ப்புத் தீக்கோழி வந்து, இறக்கை இடுக்குகளில் ஒட்டுவதற்காக வைத்திருந்த சிவப்பு டேப் சுருளைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அறுபத்தேழு வயதில் தீக்கோழியைத் துரத்திப் பார்த்திருக்கிறீர்களா மச்சான்? அது ஓடுது, நின்னு திரும்பிப் பார்க்குது, நான் கிட்டப் போனதும் மறுபடி ஓடுது. இருபது நிமிஷம். டேப்போடு திரும்பி வந்தபோது இழுவை விமானம் முன்னால் நின்று உறுமிக்கொண்டிருந்தது, அலெட்டா உள்ளே உட்கார்ந்து மூடியைப் பூட்டிவிட்டாள். "எல்லாம் ஆச்சா?" என்று சைகையில் கேட்டாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அந்த விரலை இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை.

அவள் ஏறினதும், எங்கேயாவது இறங்கிவிட்டால் பிரித்து ஏற்றி வர வேண்டுமே என்று பிக்கப்பில் காலி டிரெய்லரைக் கட்டிக்கொண்டு தெற்கே பின்தொடர்ந்தேன். ரேடியோவில், "எங்க இருக்கீங்க?" என்றாள்.

"உனக்கு நேர் கீழ."

"எனக்கு நேர் கீழ மான் கூட்டம்தான் தெரியுது. அதுல நீங்க எது?"

அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம் மச்சான். தோள் முறிந்ததிலிருந்து நான் கேட்காத குரல்.

நான் கென்ஹார்ட் தாண்டினதும் ஒரு மணி நேரம் ரேடியோவில் அவள் குரல் வரவில்லை. எங்கேயோ இறங்கிவிட்டாளோ என்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அப்போது தூரத்து வயலில் வெள்ளையாக ஒரு இறக்கை கிடப்பது தெரிந்தது. திருப்பினேன் வண்டியை. அந்தப் பண்ணைக்கு ஒன்பது கேட். ஒவ்வொன்றுக்கும் இறங்கி, திறந்து, வண்டியை விட்டு, இறங்கி, மூடி, ஏற வேண்டும். ஆடு வளர்க்கிற ஊரில் கேட்டைத் திறந்து போட்டுப் போகிறவனைச் சர்ச்சில்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஒன்பதாவது கேட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், அது காற்றில் பறந்து விழுந்த கொட்டகைக் கூரைத் தகடு. பக்கத்தில் பண்ணைக்கார அம்மாள் கொர்னீலியா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கிளைடர்காரரா? போன வருஷம் ஒரு ஜெர்மன்காரர் நம்ம காட்டுல இறங்குனார். மூணு நாள் இருந்து சாப்பிட்டுப் போனார். நீங்களும் உள்ள வாங்க."

"அம்மா, என் பெண்டாட்டி மேல பறந்துக்கிட்டிருக்கா."

"பறக்கட்டுமே. அவ பறக்கறதுக்கும் நீங்க பட்டினி கிடக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆட்டுச் சாப்ஸ், பூசணிப் பணியாரம், பால் டார்ட் என்கிற இனிப்பு. இரண்டாவது துண்டு டார்ட் வாயில் இருக்கும்போது வண்டி ரேடியோவில் அவள் குரல்: "பிராண்ட்வ்லே திரும்பிட்டேன். நாலாயிரம் மீட்டர்ல இருக்கேன். நீங்க என்ன பண்றீங்க?" நான் வாய் நிறைய டார்ட்டோடு, "உனக்காக ஜெபம் பண்றேன்" என்றேன். அப்புறம் அதே ஒன்பது கேட்.

ஆறு நாற்பதுக்கு அவள் வித்பானில் இறங்கினபோது நான் கென்ஹார்ட்டில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். திடலே கூடிக் கைதட்டினதாம். எட்டு மணி நேரம் ஐம்பது நிமிஷம் காற்றை மட்டும் நம்பி ஆயிரத்து நாற்பது கிலோமீட்டர் சுற்றி வந்து, இறங்கினதும் அவள் முதலில் கேட்டது, "அவர் எங்கே, சாப்பிட்டாரா?" என்றுதானாம். இதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

மறுநாள் பெட்டியிலிருந்த பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். தலைப்பில் இருக்கிறது: அறிவித்த பாதை, கென்ஹார்ட் போய்த் திரும்புதல். அரிசியை உலையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்தவன் மாதிரி, 'உறுதி'யை அழுத்தாமலே தீக்கோழி பின்னால் ஓடியிருக்கிறேன். ஆயிரம் கணக்கில் சேராது. சரி, ஐந்நூறாவது சேருமா என்று பார்த்தால், அவள் கென்ஹார்ட்டுக்கு மேலேயே போகவில்லை, நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறாள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா.

சனிக்கிழமை ஹாஸ்ப்ரூக் வருகிறார். பதிவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி அவர். சர்வேயராக இருந்தவர், அரை மீட்டர் தப்பினாலும் பெற்ற மகனுக்கே கையெழுத்துப் போட மாட்டார். அவர் "சரி" என்றதும், ஆயிரம் முடித்தவரை உடுத்தின உடுப்போடு தண்ணீர் இறைக்கிற காற்றாடிக்குக் கீழே இருக்கிற சிமென்ட் தொட்டியில் தூக்கிப் போடுவது இங்கே வழக்கம். தொட்டியைப் பாசி சுரண்டிக் கழுவிவிட்டார்கள். அலெட்டா நீல உடுப்பைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள். "இது நனைஞ்சா நிறம் போகுமாங்க?" என்று இரண்டு தடவை என்னைக் கேட்டாள்.

மூன்று நாளாக அவளிடம் சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன். அதற்குப் பதிலாகக் காப்பி போடுகிறேன், பாத்திரம் கழுவுகிறேன், கிளைடர் இறக்கையில் ஒட்டின பூச்சிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். ஆகவே மச்சான், தாங்கள் மூத்தவர், பெற்றவர் ஸ்தானம். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை ஆஸ்காமிலிருந்து ஹெர்மானஸ் வருகிற வண்டிக்காரர் கையோடு தங்களுக்குச் சேரும். சேர்ந்ததும் அவளுக்குப் போன் போட்டுத் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவள் உடைந்து போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது. அந்த நேரம் நான் தொட்டிப் பக்கம் இருப்பேன். வீட்டைக் கொஞ்சம் பொறுத்துப் பேசி முடிக்கலாம், அல்லது இப்போதே முடித்துவிடுங்கள், அவள் மனம் உடைந்து தானாகவே பறப்பதை விட்டுவிட்டாலும் விடுவாள். எப்படியும் நல்லது நடக்கும் என்றே நம்புகிறேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர் சிறியவர் அனைவர் மேலும் ஆண்டவரின் சமாதானம் தங்கட்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ஹென்னிங்

பி.கு.: அண்ணா, இது அலெட்டா. வண்டிக்காரரிடம் கொடுக்கச் சொல்லிக் கடிதத்தை என்னிடமே கொடுத்தார், உறையை ஒட்டவில்லை. படித்துவிட்டேன். இழுவை விமானத்தின் கயிற்றை விட்டுத் தனியே பறக்க ஆரம்பித்த இருபதாவது நிமிஷமே பெட்டியின் திரையில் கென்ஹார்ட் என்று இருப்பதைப் பார்த்தேன். மணி பத்தேகால்கூட ஆகவில்லை. இறங்கி, ஒரு பொத்தானை அழுத்தி, மறுபடி ஏறியிருந்தால் சூரியன் விழுவதற்குள் அதே ஆயிரத்தைக் கணக்கோடு முடித்திருக்கலாம். இரண்டு வட்டம் அடித்து யோசித்தேன். பதிவான ஆயிரம் என்றால் அதுதான் என் கடைசிப் பறப்பு, வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். தெற்கே திருப்பினேன். வாக்கு வாக்குதான் அண்ணா, அந்த ஆயிரம் இன்னும் வரவில்லை. வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். சனிக்கிழமை வரை இவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் காலையில் காப்பி கட்டிலுக்கு வருகிறது. அடுத்த டிசம்பரிலும் பெட்டியில் பாதையைப் போடுவது அவர் வேலைதான். அதை நான் வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.