துண்டைத் தூக்கிப் பார்ப்பவர்

திறந்து பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. இட்லி வேகுமுன் கொப்பரையை மூன்று தடவை திறப்பார், தபால்பெட்டியில் போட்ட கடிதம் விழுந்ததா என்று விரல்விட்டுத் துழாவுவார், வெண்டை விதை ஊன்றிய மறுநாளே மண்ணைக் கிளறி நலம் விசாரிப்பார். மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தேன். இவர் இல்லாத ஊரே இல்லை. ஆனால் தென்காசி வல்லிநாயகம் அண்ணாச்சிக்கு ஈடு எங்குமில்லை.

1988 குற்றாலச் சாரல் சீசனின்போது அவருடைய இடது கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்தது. ஈறு நோய் வந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தது. பிடுங்காமல் காப்பாற்றலாம் என்றார் திருநெல்வேலி பல் டாக்டரம்மா. ஈற்றைப் பிரித்து, எலும்பின் மேல் ஒரு சவ்வை வைத்து மூடித் தைத்தார்.

"ஈறு வெரசா வளரும் அண்ணாச்சி, எலும்பு மெதுவாத்தான் வரும். முந்தி வாரவன் உக்காந்துட்டா பிந்தி வாரவனுக்கு எடமில்ல. ஆலங்குளம் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்பீங்கள்லா, அதுதான் இந்தச் சவ்வு. ஆறு வாரம் தொடாதீங்க. அப்புறம் நானே எடுத்துருவேன்."

"எலும்பு சட்டுனு வளர மருந்து இல்லையா? வயலுக்கு யூரியா போடுதோம்லா?"

"வளர்ச்சியத் தூண்டுற சத்து வெளிநாட்டுல ஆராய்ச்சியிலதான் இருக்கு. இங்கன வர நாளாகும். அதுவரைக்கும் உங்க பொறுமதான் மருந்து."

பொறுமையா? அண்ணாச்சியிடமா?

அன்று மாலையே கண்ணாடிமுன் டார்ச் அடித்துக் கன்னத்தை இழுத்துப் பார்த்தார். மறுநாள் கரண்டிக் காம்பால் விலக்கிப் பார்த்தார். பிறகு பேங்க் வரிசையில், ரயிலடியில், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வாயைத் திறந்தார்.

"இங்கன பாரும்வே, ஓரத்துல வெள்ளையா தெரியுதுல்லா, அதான் சவ்வு."

மனைவி உலகம்மை கெஞ்சினார். "இந்தப் பக்கம் மெல்லுததுக்கு இருக்கதே அந்த ஒத்தப் பல்லு. வாய மூடிட்டு இருங்களேன்."

"நான் எங்கட்டி தொட்டேன்? சும்மா பாக்கேன்."

மூன்றாம் வாரம், ஐந்தருவிக் கூட்டத்தில் யாரோ ஒரு ராயகிரிக்காரருக்குக் காட்டும்போது சவ்வு விரலோடு வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் ஓடினார். காலியிடத்தில் ஈறு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. எலும்பு படிக்கட்டில்கூடக் கால் வைக்கவில்லை. பல் போயிற்று.

"அந்தம்மா ஒழுங்கா தைக்கலவே" என்கிறார் இப்போது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அதற்குமுன், இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் கடைவாயைத் துழாவிக்கொண்டிருக்கும் அந்த நாக்கைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.