ராஜாவுக்கும் சைபர், ராணிக்கும் சைபர்

பொத்தென்று மேஜைமேல் ஒரு காகிதக் கட்டு வந்து விழுந்தது. புகார்ப் பிரிவு எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்றல் உத்தரவுதான் வந்துவிட்டதோ என்று பதறிப்போய் நிமிர்ந்தார்.

உத்தரவு இல்லை. நாடகம்.

எதிரே காசாளர் நின்றிருந்தார். அந்தக் குடிநீர் அலுவலகத்துக்கு அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆண்டு விழாவுக்கென்று ஒரு சோக நாடகத்தை எழுதி, பாதி அலுவலகத்துக்கு வேஷம் கட்டிவிட்டார். மேலாளர் ராஜா. ராணி வேஷம் இந்த எழுத்தரின் மனைவிக்கு; அவளும் அங்கேதான் ரசீதுப் பிரிவில் வேலை. ஜீப் டிரைவர் வாயிற்காவலன்.

"இப்போதைக்கு ரெண்டு அங்கம் இருக்கு. படிச்சுப் பாத்து, ஒவ்வொரு பாத்திரமும் பண்ணின குற்றத்துக்குப் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுங்க. நாளைக்குக் காலைல ஒத்திகைல எல்லார் முன்னாடியும் படிக்கணும்."

"நான் எதுக்கு சார்?"

"எவன் மேல தப்புன்னு பாக்கறதுதானே உங்க பொழப்பு?"

அது பாதி உண்மை. பதினோரு வருஷமாகப் புகார்களை விசாரித்தாரே ஒழிய, இதுவரை ஒருவர்மேலும் அவர் தப்புக் கண்டுபிடித்ததில்லை. குழாய் உடைந்தாலும் சரி, தண்ணீரில் சேறு வந்தாலும் சரி, மீட்டர் பின்பக்கமாகச் சுற்றினாலும் சரி, 'வானிலை காரணமாக' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு வானிலையார் என்றே பெயர்.

மார்க் எதற்கு என்று கேட்டார். அதைத் தெரிந்துகொண்டால் தீர்ப்பு கோணிவிடும் என்றார் காசாளர். நடிக்கிறவர்கள் யாராவது இவரிடம் விஷயத்தைச் சொன்னால் வேஷத்தையே பிடுங்கிவிடுவதாக எச்சரித்திருக்கிறாராம். பழைய அலுவலகத்திலும் இதுதான் அவர் வழக்கமாம்.

வானிலையாருக்கு இருந்த கவலையே வேறு. மலையடிவாரத்துக் கிளைக்கு ஓர் ஆள் போக வேண்டும். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். பட்டியலில் இருப்பது இரண்டே பெயர், அதில் ஒன்று அவருடையது. திங்கட்கிழமை மேலாளர் எந்தப் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடுகிறாரோ அந்த ஆள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்தச் சமயத்தில் போய் அந்த மேலாளருடைய குற்றத்துக்கு மார்க் போடு என்றால்?

படித்தார். ராஜா படுபாவி. யாரோ காற்றுவாக்கில் சொன்னதை நம்பிச் சொந்தத் தம்பியைச் சிறையில் தள்ளிப் பட்டினி போடுகிறான். தம்பி நிரபராதி என்பதற்கு ஆதாரமான கடிதம் ராணி கையில் கிடைக்கிறது. அவள் அதை அடுப்பில் போட்டுவிட்டு, தன் பிள்ளைக்குக் கிரீடத்தின் அளவு எடுக்கச் சொல்கிறாள். வாயிற்காவலனுக்கு மொத்தமே ஒரு வசனம்: "யார் அங்கே?"

கை தன்னால் எழுதிவிட்டது: ராஜாவுக்கு ஒன்பது.

எழுதி முடிக்கவில்லை, தோள்மேல் ஒரு கை விழுந்தது. மேலாளர்.

"ராஜாவைப் பத்தித் தயங்காம எழுதுப்பா. அவன் பண்ணினது கொஞ்சநஞ்சமா? கூடப் பொறந்தவனையே பட்டினி போட்டவன். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வானிலையார் தாம் எழுதிய ஒன்பதைப் பார்த்தார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று எந்த மேலாளர் சொல்லி, எதை நினைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்? ஒன்பதை அடித்து இரண்டு என்று போட்டார். அடித்த ஏழு மார்க்கை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. ராணி தலையில் இறக்கினார்.

வீட்டுக்குப் போன பிறகுதான் ராணி யார் என்பது உறைத்தது.

சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்த கையோடு மனைவி பேச்சை ஆரம்பித்தாள். "என்னங்க, என்னைப் பொண்டாட்டின்னு பாக்காதீங்க. தப்புன்னா தப்புன்னே போடுங்க. கடுதாசியை எரிச்சது யாரு? அவதானே?"

வானிலையாருக்கு ஜன்னல் திரை ஞாபகம் வந்தது. போன வருஷம் ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு, உங்கள் இஷ்டம் என்றாள். அவர் இஷ்டப்படி வாங்கி வந்தார். மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. நிறத்துக்கே அப்படியென்றால் குற்றத்துக்கு?

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மேலாளர்தான். ராஜா பொய்ச் சாட்சி வைத்ததைக் கவனித்தாயா, அது இரண்டாம் அங்கத்தின் நடுவில் வருகிறது, அவசரத்தில் விட்டுவிடாதே என்றார். தம்பியின் மனைவியை ஊரைவிட்டுத் துரத்தியதும் ராஜாதானாம். பேச்சோடு பேச்சாக, திங்கட்கிழமை பட்டியலையும் ஞாபகப்படுத்தினார்.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுத்தது. "ராஜாவுக்கு என்ன புத்தி இருக்கு? அவன் காதுல ஓதி ஓதிக் கெடுத்ததே ராணிதான். மேலாளருக்காக என்னை விட்டுக் குடுத்தீங்கன்னா நடக்கறதே வேற."

அவர் இருதலைக்கொள்ளி எறும்பானார். மேலாளரைக் காப்பாற்றினால் வீடு போகும், மனைவியைக் காப்பாற்றினால் ஊர் போகும். குழாயடிச் சண்டையில்கூட இவ்வளவு சிக்கல் வந்ததில்லை. கடைசியில் பதினோரு வருஷ அனுபவம் கைகொடுத்தது. இருவருக்கும் சைபர் போட்டுவிட்டால் தீர்ந்தது. மிச்சக் குற்றத்தைச் சுமக்கத்தான் ஓர் ஆள் வேண்டும். யாருக்கும் வேண்டாத, கோபித்தாலும் ஒன்றும் செய்ய முடியாத ஆள்.

"யார் அங்கே?" என்று கேட்பவனைத் தவிர அப்படி ஒருவரும் தென்படவில்லை.

மறுநாள் காலை கூட்ட அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். மேலாளர் கிரீடம் வைத்திருந்தார். மனைவி ஜரிகைப் போர்வையில் இருந்தாள். டிரைவர் ஈட்டிக்குப் பதில் குழாய்த் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார்.

வானிலையார் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "அரசர். குற்றம், பத்துக்கு சைபர்."

மேலாளரின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துபோயிற்று.

போதவில்லை போலிருக்கிறது என்று வானிலையார் எழுதாததையும் சேர்த்துக்கொண்டார். தம்பிக்குச் சோறு போகாததற்குக் காரணம் சிறைக்குப் போகிற பாதையில் வெள்ளம் என்றார். இப்படி ஓர் உத்தமரை எந்த நாடும் கண்டதில்லை என்றார். சொல்லச் சொல்ல மேலாளரின் காது சிவந்துகொண்டே போனது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. ஒண்ணு ரெண்டுகூடவா தேறாது?"

"ஒரு மார்க்குகூட இல்லை சார். மனசாட்சிப்படி சொல்றேன்."

"சரி. என் மனசாட்சியை நான் திங்கக்கிழமை பாத்துக்கறேன்."

ஊர் போயிற்று. வீட்டையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று அடுத்த பக்கத்துக்குத் தாவினார். ராணிக்கும் சைபர். கடிதத்தை எரித்தது பொறாமையால் அல்ல, அன்றைக்கு அரண்மனையில் கடுங்குளிர். தாயுள்ளம் கையில் கிடைத்ததைப் போட்டு அடுப்பை மூட்டியது, வானிலையே காரணம் என்று படித்தார். அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனைவி போர்வையை அவிழ்த்து, மெதுவாக மடித்து, நாற்காலிமேல் வைத்தாள். அப்படி மடித்தால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும்.

"உங்களுக்கு என் மேல இவ்வளவு கோபமா?" என்றாள்.

இனி இருப்பது ஒரே வழி. குரலை உயர்த்தினார். "வாயிற்காவலன்! யார் அங்கே என்று கேட்டானே, எவனாவது பதில் சொன்னானா என்று பார்த்தானா? கேள்வி கேட்டுவிட்டு நின்ற அந்த அலட்சியத்தால் அல்லவா ஒரு ராஜ்யமே சரிந்தது! பத்துக்குப் பத்து!"

டிரைவரின் கையிலிருந்த குழாய் கணீரென்று தரையில் விழுந்தது. அவர் சுவரில் சாய்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காசாளர் மார்க்குகளைக் குறித்துக்கொண்டு, தீர்ப்பு என்றால் தீர்ப்புதான், யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்று நோட்டை மூடினார். மேலாளர் கிரீடத்தைக் கழற்றினார். திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை. பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, வானிலையாரின் கையில் திணித்துவிட்டு வெளியேறினார். மலையடிவாரம். மனைவி அதை எட்டிப் பார்த்தாள். துணி துவைக்கிற சோப்பு இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள்.

அறை காலியாயிற்று. வானிலையார் உத்தரவும் கையுமாக நின்றார். இருவரையும் குற்றமே இல்லாதவர்கள் என்றுதானே சொன்னோம், இதில் எங்கே பிசகியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. செய்த பாவம் ஒன்றுதான் தெரிந்தது. ஒன்றும் அறியாத ஒரு மனுஷனை அழ வைத்தது.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தார். வானிலையார் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கப்பா. உன்னை வேணும்னு மாட்டி விடல. எனக்கு வேற வழி தெரியல."

டிரைவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "மன்னிப்பு எதுக்கு சார்? அதிக மார்க் வாங்கின பாவிக்குத்தானே மூணாம் அங்கத்துல நாப்பது நிமிஷம் வசனம் பேசிச் சாகற சீன். சைபர் வாங்கின நல்லவங்களுக்கு அந்த அங்கத்துல வேஷமே கிடையாதே!"