பன்னிரண்டாவது வால்

டாமரேக் கிராஸிங், வடக்கு விஸ்கான்சின்
நவம்பர், திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான், ஸ்டம்ப் ஏரி மான் வேட்டை முகாமின் தலைவர் டெல்மர் க்ரூகர் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஆர்லிஸின் கணவன் வெண்டல் தோர்சன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், ஆர்லிஸ், நாய் மூவரும் சுகம். அங்கே நீங்களும், அடுப்படியில் யூஜின் மாமாவும், முகாமின் மற்ற ஐந்து பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலியை மட்டும் சுகமா என்று விசாரிக்கவில்லை, அது தொலையட்டும். முகாமுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், தேர்தல் நோட்டீஸாகவே இருந்தாலும், சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி படிப்பது உங்கள் வழக்கம். இதையும் அப்படியே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நடுவில் நிறுத்தாமல், எதையும் விடாமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என் மேல்முறையீடு.

வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறைப்படி சொல்கிறேன். காலஞ்சென்ற என் மாமனார் பலகையில் எழுதி அடுப்புக்கு மேலே மாட்டிய விதிகளில் நாலாவது, சுட்டுக் குறி தவறியவனின் சட்டைப் பின்தொங்கலை, அதாவது வாலை, வெட்டி, பெயரும் தேதியும் போட்டுச் சுவரில் ஆணியடிக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, பன்னிரண்டு வால் சேர்ந்தவன் துப்பாக்கியை வைத்துவிட்டு சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது. சுவரில் என் வால்கள் பதினொன்று தொங்குகின்றன. போன வருஷம் வந்த விருந்தாளி ஒருவர் அவற்றை ஜன்னல் திரை என்று நினைத்து விலக்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பன்னிரண்டாவதுக்குத் தீர்ப்புச் சொல்லி, புதன்கிழமை மதியம் வெட்டு என்று நாளும் குறித்தீர்கள். நீங்கள் வாயை மூடுவதற்குள் ஒன்பது வருஷமாக அடுப்படியில் கிடக்கிற யூஜின் மாமா ஏப்ரனை அவிழ்த்து என் இடுப்புக்கு அளவு பார்த்ததை நான் மறக்கமாட்டேன். மச்சான், எனக்கு அறுபத்துமூன்று வயது. கால் மரத்துப்போகப் பரணில் உட்கார்ந்து, பனி வெளுத்து மரம் ஒவ்வொன்றாகத் தெரிகிறபோது ஃபிளாஸ்கைத் திறந்து காபி குடிப்பேனே, வருஷம் முழுக்க நான் காத்திருப்பது அதற்குத்தான். நீங்கள் எல்லாரும் காட்டுக்குள் போன பிறகு உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. அதனால் சொல்கிறேன், குற்றவாளி நான் இல்லை. குற்றவாளி என் துப்பாக்கி மேல் உட்கார்ந்திருக்கிற ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி.

அது எப்படி வந்தது என்பதையும் சபை கேட்க வேண்டும். நிலவறை அலமாரியில் என்னிடம் ஏழு ஸ்கோப் இருந்தன. அணிலுக்கு ஒன்று, சதுப்பு மானுக்கு ஒன்று, சோளக்காட்டு நரிக்கு ஒன்று, வயோமிங் சமவெளிக்கு ஒன்று, ராட்சத எல்க் மானுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று, ஏழாவது எதற்கு என்று எனக்கே மறந்துவிட்டது. இந்த வருஷம் பீட்ரூட் அமோகமாக விளைந்து, ஊறுகாய் ஜாடிகளை வைக்க இடமில்லாமல் உங்கள் தங்கை ஒருநாள் கீழே இறங்கி வந்தாள். “ஒரு துப்பாக்கிக்கு ஏழு கண்ணா, வெண்டல்? சிலந்திக்கே எட்டுதான். எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு வச்சுக்க, மத்ததைத் தள்ளிவிடு” என்றாள். அன்றிலிருந்து நான் எல்லா வேட்டைக்கும் ஆகிற ஒரே ஸ்கோப்பைத் தேட ஆரம்பித்தேன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். நான் கோடை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, துப்பாக்கிக் கடை கிளைடு என் வண்டியைப் பார்த்தாலே ‘மூடப்பட்டது’ பலகையைத் திருப்புகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போது நீங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். “மூணுலேருந்து ஒம்பது மடங்கு பெருசாக் காட்டுறது ஒண்ணு வாங்கு மாப்ள, போதும். அப்பா அதுக்கும் கீழ இருந்ததை வச்சுத்தான் எங்க எல்லாரையும் வளர்த்தாரு” என்றீர்கள். நல்ல யோசனைதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதை நீங்கள் சொன்னதால் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆக வேண்டுமென்றால் எல்லாமே அதில் இருக்க வேண்டாமா என்று, கீழே நாலு மடங்கு, மேலே இருபத்துநாலு மடங்கு காட்டுகிற ஒன்றை வாங்கி வந்தேன். அடுப்புப் புகைக்குழாய் அளவு நீளம், கொழுத்த வான்கோழி ஒன்றின் எடை. ஆர்லிஸ் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, புகை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள்.

செப்டம்பரில் அணிலுக்குக் கொண்டுபோனேன். அணிலின் காதில் இருந்த உண்ணியைக்கூடப் பார்த்தேன் மச்சான், பொய் சொல்லவில்லை. ஆனால் உண்ணியிலிருந்து அணிலைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மரத்தையே மாற்றிவிட்டது. அக்டோபரில் உங்களோடு வயோமிங் சமவெளிக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடிக்குள் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கோடும் புள்ளியுமாக இருக்கிறதே, தூரத்துக்கு ஒரு புள்ளி, காற்றுக்கு ஒரு கோடு என்று கணக்குப் போட வேண்டும். நான் காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மான் படுத்து, தூங்கி, எழுந்து, சோம்பல் முறித்துப் போய்விட்டது. விடை சரியாகத்தான் வந்தது, அதை இன்னும் வைத்திருக்கிறேன். அப்போது நான் சுடவே இல்லை என்பதால் வால் போகவில்லை என்பதைச் சபை குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு, குற்றவாளியானாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பழைய எல்க் ஸ்கோப்பில் நான் கண்ணை ரொம்பக் கிட்டே வைத்துச் சுட்டு, துப்பாக்கி உதைத்த உதையில் அதன் விளிம்பு புருவத்தில் பிறை நிலா மாதிரி வெட்டியது நினைவிருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து பாதிரியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் மனஸ்தாபமா என்று விசாரித்தார். பக்கத்தில் நின்ற ஆர்லிஸ், “நான் அடிச்சிருந்தா ஒரு புருவத்தோட நிறுத்தியிருக்க மாட்டேன் ஃபாதர்” என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். இந்தப் புது ஸ்கோப் அப்படியில்லை. இதன் கனம் உதையையே விழுங்கிவிடுகிறது. சனிக்கிழமை மூன்று தடவை சுட்டும் புருவத்தில் கீறல் இல்லை, தோளில் வலி இல்லை. ஏதோ சுடாதவன் மாதிரி இருந்தது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். சீடர் மரச் சதுப்பில் என் பரணில் நான், கூப்பிடு தூரத்தில் அவள் பரணில் ஆர்லிஸ். பட்டமரத்தில் ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது, அதைப் பார்க்க ஸ்கோப் வளையத்தை இருபத்துநாலு மடங்குக்குத் திருப்பினேன். துப்பாக்கியால் பறவை பார்ப்பது இரண்டாவது விதிக்கு விரோதம் என்பது தெரியும், அதை வேறு வழக்காக வைத்துக்கொள்ளலாம். திரும்பினால், முப்பது தப்படியில் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு ஆண் மான் நிற்கிறது. நெஞ்சு அடிக்கிற அடியில் பரணே ஆடுது. ஸ்கோப்ல கண்ணை வச்சேன், ஒரே மயிர். தலை எந்தப் பக்கம், பின்புறம் எந்தப் பக்கம்னு தெரியல, வைக்கோல் போருக்குள்ள முகத்தை வச்ச மாதிரி பழுப்பு மயிர் மட்டும். நாலுக்குத் திருப்பலாம்னா கையுறை வழுக்குது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, அனுபவம் யோசித்தது. தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுகிற போல்ட்டை இழுத்தேன், தள்ளினேன். இழுத்தேன், தள்ளினேன். இழுத்தேன், தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் வெளியே தெறித்து விழுந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். டமால் என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மான் நாலு பாய்ச்சல் பாய்ந்து ஆர்லிஸின் பரணுக்குக் கீழே விழுந்தது. நாலு தோட்டாவில் ஒன்றைச் செலவழிக்காமல் மிச்சம் வைத்தேன் என்பதே என் நிதானத்துக்குச் சாட்சி.

இதற்குத்தான் நீங்கள் என்னைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள். மானின் உடம்பில் ஒரே ஓட்டை, அது ஆர்லிஸின் தோட்டா, அவளிடம் இருப்பது அப்பா விட்டுப்போன பழைய ஸ்கோப், அதைத் திருப்ப ஒரு வளையம்கூடக் கிடையாது என்றீர்கள். “மூணு தடவை சுட்டேங்கற. நாங்க அத்தனை பேரும் கேட்டது ஒரு சத்தம். சுட்ட தோட்டாவோட வெத்துக் கூடாவது எங்க மாப்ள?” என்றீர்கள். காதை மூடுகிற குல்லாய் போட்டுக்கொண்டு கேட்கிற சாட்சியை எந்தக் கோர்ட் ஒப்புக்கொள்ளும்? ஒரு குண்டு ஆர்லிஸ் சுட்ட அதே நொடியில் வெடித்திருக்கும், மற்ற இரண்டின் சத்தத்தைச் சதுப்பு விழுங்கியிருக்கும், கூடுகளைப் பனி மூடியிருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சொல்ல, சபை சிரித்தது. சிரிக்கட்டும். என் வாதம் இதுதான். என் மூன்று குண்டும் மானுக்கு இந்தப் பக்கமாகப் போய் அதை ஆர்லிஸ் பக்கம் திருப்பியிருக்கின்றன. அப்படிப் பார்த்தால் அது தவறுதல் இல்லை, ஒத்தாசை. கொம்பில் பங்கு கேட்கவில்லை, என் சட்டையை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன். வெட்டத்தான் வேண்டுமென்றால் ஸ்கோப்புக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டு அதை வெட்டுங்கள்.

புதன்கிழமை ஆர்லிஸ் பூசணிப் பை பலகாரத்தோடு அங்கே வருவாள், இதை அவள் கையில் கொடுக்கிறேன். உங்கள் முழங்கால் தேறட்டும், உங்கள் குறி தப்பாமல் இருக்கட்டும், நன்றி செலுத்தும் நாள் விருந்து மேசை நிறையட்டும், யூஜின் மாமா அந்த ஏப்ரனிலேயே நூறு வயது வாழட்டும்.

என்றும் உங்கள் அன்பு மாப்பிள்ளை,
வெண்டல் தோர்சன்

பின்குறிப்பு: புதன்கிழமை மதியம், முகாம் வாசல், வண்டிக்குள்ளிருந்து பென்சிலால் எழுதுவது. வருகிற வழியில் ஆர்லிஸ் பரணில் மறந்துவிட்ட மெத்தையை எடுக்கச் சதுப்பில் இறங்கினாள். வெயிலில் பனி கரைந்திருக்கிறது. திரும்பி வந்தவள் என் பரணுக்குக் கீழே கிடந்ததாக மூன்று தோட்டாக்களை என் முன்னால் வரிசையாக வைத்தாள். கூடு இல்லை மச்சான். தோட்டா. குண்டோடு, மருந்தோடு, முழுசாக மூன்று. விசையை நான் தொடவே இல்லை போலிருக்கிறது. பிறகு, “இதுல எது, வெண்டல், மானை என் பக்கம் திருப்புனது?” என்று கேட்டாள்.

நாலாவது விதி சுட்டுத் தவறியவனுக்குத்தான். நான் சுடவே இல்லை, ஆகையால் நிரபராதி. ஆனால் அதற்கு இந்த மூன்றையும் உங்கள் எல்லார் முன்னாலும் மேசையில் வைக்க வேண்டும், அதைவிட உருளைக்கிழங்கே மேல். மேல்முறையீட்டை வாபஸ் வாங்குகிறேன். நான் சுட்டேன், தவறினேன், ஸ்கோப் உத்தமம். வாலை வெட்டுங்கள், ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறேன். இந்தப் பின்குறிப்பு உங்கள் கண்ணுக்கு மட்டும், தயவுசெய்து உரக்கப் படிக்க வேண்டாம்.

முதல் பக்கத்தில் ‘எதையும் விடாமல் படிக்க வேண்டும்’ என்று நான் எழுதியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். திருத்தி எழுத நேரமில்லை, ஆர்லிஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் இதையும் படித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டு, விதிப்படி முழுச் சட்டையோடு வந்து என் துப்பாக்கியை எடுத்துக்கொள்வேன். கேட்காவிட்டால் சட்டையைக் கொடுத்தனுப்புவேன். இப்போதைக்கு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதாக இருந்தால் சீக்கிரம் சிரியுங்கள் மச்சான், குளிருது.