மூடவே மூடாத கடைகள்

இங்கிலாந்தின் விதர்பிரிட்ஜ் நகராட்சிக்குத் தன் பழைய கடைவீதியின்மேல் அளவுகடந்த பாசம். அதனால்தான் அதை இடித்துப் புதுப்பித்தே தீருவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். இடிக்கப்போகிற தெருவில் எவன் குத்தகையை நீட்டிப்பான்? செருப்புக்கடைக்காரர் போனார், பூக்கடைக்காரி போனாள், ரொட்டிக்கடையும் போனது. திட்டம் மட்டும் வரவில்லை. அது 'இறுதிக்கட்டத்துக்கு முந்தைய கட்டப் பரிசீலனையில்' சௌகரியமாகப் படுத்திருந்தது.

மிச்சமிருந்தது, பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வினிகர் தெளித்து விற்கும் ஹில்டா கிராப்ட்ரீயின் மீன் சிப்ஸ் கடை ஒன்றுதான்.

வெறிச்சோடிய வீதியைக் கண்டு நகராட்சி மனம் வெதும்பியது. பலகை அடித்து மூடிய கடைகளின்மேல், வியாபாரம் நடக்கிற கடைகளின் படங்களை ஒட்டும்படி உத்தரவு பிறந்தது. ஒரே வாரத்தில் தெரு களைகட்டிவிட்டது. படத்தில் ரொட்டிக்காரர் சிரித்தார். பாலாடைக்கட்டி வாங்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். கொட்டுகிற மழையிலும் அங்கே வெயிலடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு தம்பதி ஹில்டாவின் கடைக் கண்ணாடிமுன் நின்றார்கள். அவள் உள்ளேயிருந்து ஆசையாகக் கையாட்டினாள்.

"அடேயப்பா, இந்தப் படம் அசையுது பாருங்க!" என்றாள் மனைவி.

"வினிகர் வாசனைகூட விட்டிருக்காங்க," என்று கணவன் மூக்கை உறிஞ்சினான். "நம்ம வரிப்பணம் வேற எங்க போகும்?"

ஹில்டா கண்ணாடியைத் தட்டினாள். அவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கட்டிய ஏப்ரனோடு நகராட்சியின் புத்துயிர்ப்புத் துறை இயக்குநர் ரூபர்ட் பெல்லிங்காமிடம் போய் நின்றாள்.

"தம்பி, என் கடைய நெசக் கடைன்னு யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இப்படியே போனா இழுத்து மூடவேண்டியதுதான். எங்கப்பா ஆரம்பிச்ச கடைப்பா!"

"உங்க வேதனை புரியுது மேடம். ஆனா உங்க மேலயும் புகார் இருக்கே. மத்த கடையெல்லாம் எப்பவும் தெறந்திருக்கு. நீங்க ஞாயித்துக்கிழமை மூடிடறீங்க. அங்கல்லாம் கூட்டம் அலைமோதுது, உங்க கடைல ஈ காக்கா இல்ல."

"அடப்பாவி, அதெல்லாம் படம்யா!"

"படமா இருக்கறவங்களே இவ்வளவு சுறுசுறுப்புன்னா, நெசமா இருக்கற நீங்க எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கணும்?"

ஹில்டா மறுநாளே ஞாயிறு என்றும் பாராமல் தட்டு நிறையச் சுடச்சுட சிப்ஸோடு வாசலில் நின்று கூவினாள். 'முன்அனுமதியின்றி முப்பரிமாணத்தில் இயங்கியமைக்காக' நகராட்சி விளக்கம் கேட்டது. அவள் அடுப்பை அணைத்துக் கடையை இழுத்து மூடினாள்.

அப்போதுதான் ஊர் பொங்கி எழுந்தது. "ஹில்டாவைக் காப்போம்!" என்று புறவழிச்சாலை சூப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கித் திரும்பிய கையோடு எல்லோரும் வந்து கோஷம் போட்டார்கள். மக்கள் தீர்ப்புக்கு நகராட்சி தலைவணங்கியது. மூடிய கடையின்மேல் ஒட்டிய படத்தில் ஆளுயரத்துக்கு ஹில்டா சிரித்தாள். ஊரே பூங்கொத்து வைத்தது. நாட்டிலேயே உயிர்த்துடிப்பு மிக்க வீதி என்ற விருதும் கிடைத்தது.

ஒருநாள் ஹில்டா அந்தப் பக்கம் போனாள். தன் படத்துக்கு எதிரில் நின்றாள். பாவிகள், பத்து வயதைக் குறைத்திருந்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு கையில் சூப்பர்மார்க்கெட்டின் உறைந்த மீன் பெட்டியும் மறு கையில் கைபேசியுமாக ஒருத்தி கண்கலங்கி நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்களேன். ஹில்டாவ மறைக்கறீங்க."

ஹில்டா ஒதுங்கினாள்.