கோஷ் பாபுவைக் குறிவைத்தால் டப்பா விழும்

பெஹாலா, கல்கத்தா
9.12.1996

சிரஞ்சீவி சிவராமகிருஷ்ணனுக்கு அத்திம்பேர் வைத்தியநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதியது. இங்கே எல்லாரும் சௌக்கியம், பக்கத்து வீட்டு கோஷ் பாபு நீங்கலாக. அங்கே உன் க்ஷேமத்தையும் குழந்தைகள் க்ஷேமத்தையும் காளிகாட் அம்பாள் பார்த்துக்கொள்வாள்.

விஷயம் அவசரம். உன் அக்கா விஜயலக்ஷ்மி என் ஏர்கன்னை வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரனிடம் போடப்போகிறாளாம். நீ சொன்னால்தான் கேட்பாள். தயவுசெய்து உடனே அவளுக்கு ஒரு வரி எழுது.

ரிட்டயரான மனுஷனுக்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டாமா? ரத மேளாவில் பலூன் சுடும் கடைக்காரனிடம் பழைய ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்று இருந்தது, கேட்டு வாங்கிவந்தேன். உன் பிள்ளை பிரவீண் கேஸ் அடைத்த புது மாடல் வாங்கச் சொன்னான், அவனுக்கு என்ன தெரியும்? இதற்கு கேஸும் வேண்டாம் பாட்டரியும் வேண்டாம், லோட் ஷெட்டிங்கில்கூடச் சுடும். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகி 'க்ளக்' என்று உட்காரும் பார், அந்தச் சத்தத்துக்கே கொடுத்த காசு சரியாய்ப் போச்சு. தோல் வாஷர் காய்ந்திருக்கிறதே என்று ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன், சுட்டவுடன் குழலிலிருந்து தாளிப்பு வாசனையோடு புகை வந்தது. புது மாடலில் வருமா?

ஒரே ஒரு குறை. மேளாத் துப்பாக்கி இல்லையா, வருகிறவனெல்லாம் பலூனை உடைத்தால் கடைக்காரன் பிழைக்கிறது எப்படி? முன்குறியை வேண்டுமென்றே கோணலாக்கி வைத்திருக்கிறான். நம் மாடிச் சுவரில் நெய் டப்பாவை வைத்துச் சுட்டால் ரவை இரண்டு முழம் இடதுபக்கம் போகிறது. அதனால் நான் இரண்டு முழம் வலதுபக்கம் குறிவைத்தேன். அங்கே அடுத்த மாடியில் கோஷ் பாபு துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் அதற்கு நானா பொறுப்பு? "கீ கொர்ச்சேன் மொஷாய்!" (என்ன ஸ்வாமி பண்றேள்!) என்று அலறினார். "பயப்படாதீங்கோ தாதா, உங்களைக் குறிவெச்சா உங்க மேல படாது, டப்பா மேலதான் படும்"னு எனக்குத் தெரிந்த பெங்காலியில் தைரியம் சொன்னேன். அன்றிலிருந்து மனுஷர் மாடிக்கே வருவதில்லை. துளசி வாடினதும் என் தலையில்தான் விழுந்தது.

சரி, பெரிய மனசு பண்ணி, அவரை விட்டுவிட்டு அவர் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைக்க ஆரம்பித்தேன். போன வெள்ளிக்கிழமை வரை டப்பா தினம் தவறாமல் விழுந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அதே இடம், அதே குறி, டப்பா அசையவேயில்லை, தொட்டியிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கிறது! கோஷ் பாபு தலையெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு தெருவுக்கே வந்துட்டார்டா. பாடா கிளப் என்று பேட்டைக்குப் பேட்டை ஒன்று இருக்குமே, அந்தப் பையன்கள் மொத்தமும் நம் வாசலில். அவர்கள் நடுவில் நின்றுதான் உன் அக்கா பேப்பர்காரன் தீர்ப்பைச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் குறி எப்படித் தப்பியது என்று இன்னும் புரியவில்லை. அந்த ஏர்கன் போனால் நான் நாளெல்லாம் என்னத்தைப் பண்ணுவேன், சொல்லு.

காளி உங்களை நீண்ட ஆயுளோடும் ஓட்டையில்லாத தொட்டியோடும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வைத்தியநாதன்

பி.கு.: வழக்கம்போல இன்லண்டின் கடைசி மடிப்பை உன் அக்காவுக்கு விட்டிருக்கிறேன். நான் எழுதியதை அவள் படிக்க மாட்டாள்.

சிவராமா, எல்லாம் படிச்சேன். நீ ஒண்ணும் எழுத வேண்டாம். மத்தியானம் இவர் தூங்கறச்சே நானும் சுட்டுப் பார்ப்பேன், அந்தக் கோணல்ல ஒண்ணுமே படலை. அதான் சனிக்கிழமை பூட்டுக்காரன்கிட்ட கொடுத்து நேராக்கினேன், இவர்ட்ட சொல்ல மறந்துட்டேன். பேப்பர்காரன் பேச்செல்லாம் கோஷ் பாபு காதுக்கு. துப்பாக்கி என் புடவை அலமாரியில இருக்கு, இவர் கண்ல காட்டப்போறதில்லை. வரச்சே ரவை ரெண்டு டப்பா வாங்கிண்டு வா. கோஷ் பாபு ஆத்துக்காரியும் கத்துக்கணும்ங்கறா. அவரைக் குறிவெச்சா அவர் மேலயே படுமான்னு ரெண்டு தடவை கேட்டுட்டா.