ஒரு பல் குறைவாக எழுதிக்கொள்வது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், உரிய மரியாதையுடனும் ஒரு பல் குறைவாகவும் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம், பிள்ளைகள் நலம், மிச்சமுள்ள என் முப்பத்தொரு பற்களும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

போன வருடம் நீங்கள் இரண்டு கடைவாய்ப் பற்களை ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சுடன் நேராக ஆபீசுக்குப் போய், சாயங்காலம் வரை ஃபைல் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்த ஒரு கடிதத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்து மூன்று மாதம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் முனகும்போதெல்லாம் உங்கள் தங்கை, "எங்க அண்ணனுக்கு ரெண்டு பல்லு. ஒரு சத்தம் கிடையாது" என்பாள். காபி கொடுக்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் ஜன்னல் வழியாகச் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் மனைவியின் பிறந்த வீட்டார் முன்னால் ஒரு மனிதனுக்கு மிச்சமிருப்பது கொஞ்சம் மானம்தான். அதைக் காப்பாற்றத்தான் இந்தக் காரியத்தில் இறங்கினேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

முதல் சிக்கல் பல் டாக்டரம்மா. என்னிடம் கார் ஓட்டப் படித்தவர். இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் குப்பை கொட்டுகிறேன், எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஆனால் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தச் சொல்லி, ஒரே மதியத்தில் நாற்பது தடவை திருப்பித் திருப்பிச் செய்யவைத்து அழவிட்டது இவரை மட்டும்தான். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த பிறகுதான் முகமூடிக்கு மேலே அந்தக் கண்களை அடையாளம் தெரிந்தது. "சார், ஞாபகம் இருக்கா? கையை இறுக்காதீங்க. தோளைத் தளர்த்துங்க. நேரா பாருங்க" என்றார். அத்தனையும் என் வசனம். "இவ்வளவு பயப்படுறவங்க எதுக்கு வரணும்?" என்றாரே, அதுவும் என் வசனம்தான். வாய்க்குள் குழாயை வைத்துக்கொண்டு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? "ஆ" என்றேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஊசி போட்டார். அரைக் கன்னம் காணாமல் போயிற்று. உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், இருந்தது, ஆனால் வேறு யாருடைய உதட்டையோ தொட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. அடுத்து குறடு வந்தது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பயிற்சி வண்டியில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, எதிரே எது வேகமாக வந்தாலும் என் வலது கால் என்னைக் கேட்காமலே அதை மிதித்துவிடும். குறடு வேகமாக வந்தது, கால் மிதித்தது, அங்கே பிரேக் இல்லை, உதவியாளர் ஏந்தியிருந்த தட்டு இருந்தது. பஞ்சும் இடுக்கியும் அறை முழுக்கப் பறந்தன. "காலை ஓரமா வைங்க சார், வண்டி நான் ஓட்டுறேன்" என்றார் டாக்டரம்மா. இரண்டாம் தடவையும் மிதித்தேன். மூன்றாம் தடவை உதவியாளர் என் முழங்கால்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல கனமான மனிதர். பிறகு ஒரு முறுக்கு, ஒரு ஆட்டு, 'மடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் பல்லுடையது. நான் மூச்சுக்கூட விடவில்லை. மச்சான், இந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

அதோடு வீட்டுக்கா போனேன்? நேராக வேலைக்குத்தான். ஒன்பது மாதமாக கிளட்ச்சோடு மல்லுக்கட்டும் தையல்காரர் காத்திருந்தார். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் திட்ட முடியவில்லை. மனிதர் ஒரு தடவைகூட வண்டியை அணையவிடாமல் ஓட்டி முடித்துவிட்டு, "இவ்வளவு வலியிலயும் வந்தீங்களே சார்" என்று கண் கலங்கினார்.

ஆகவே உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் தங்கைக்குத் தனியாக நாலு வரி எழுதுங்கள். 'நான்கூட அன்றைக்குக் கொஞ்சம் முனகினேன், மாப்பிள்ளை முனகவே இல்லையாமே' என்கிற மாதிரி. பொய் எழுதச் சொல்லவில்லை, மனசாட்சிக்குத் தோன்றினால் போதும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்குச் சொத்தையில்லாத வாய் அமைய ஆசிகள்.

என்றும் பணிவுள்ள,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுறது. லெட்டரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டு அவர் கிளாசுக்குப் போயிட்டார். பல்லு இன்னும் வாயிலதான் இருக்கு. டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறது நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. போன வாரம் வாசல் வரைக்கும் போனவர், உள்ள அந்த டாக்டர் பொண்ணைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துட்டார். பாவமா இருக்கு, நாளைக்குக் கையைப் பிடிச்சுக்க நானும் போறேன். இவரைக் கிளப்பத்தான் இத்தனை நாளா உன் கதையைச் சொல்லிட்டிருந்தேன். நீ மரியாதையா அவர் கேட்ட மாதிரியே பாராட்டி எழுதிடு. நீ ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்து, அண்ணிதான் உன்னை டாக்சியில ஏத்திக் கொண்டுவந்தாங்கன்னும், ரெண்டு பல்லும் உன் வாயிலயே பத்திரமா இருக்குன்னும் அண்ணி அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க.